கார் ஏன் இழுக்கவில்லை? ஆர்முடுகற் குறைவின் காரணத்தைக் கண்டறிதல்

நியூற்றனின் இரண்டாம் விதியை விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறீர்கள். விசை = திணிவு × ஆர்முடுகல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனால் "ஒரு காரின் ஆர்முடுகல் வழமையைவிடக் குறைந்துள்ளது. காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குக" என்று ஒரு வினா வந்தால் பலர் அவ்விதியை மறந்துவிடுகிறார்கள். பிளக் பழுது, பெற்றோல் குழாயில் அடைப்பு, ரயரில் காற்றுக் குறைவு என்று நினைவுக்கு வந்தவற்றை வரிசையாக எழுதி வைக்கிறார்கள். எழுதியவை ஒவ்வொன்றும் சரியாக இருக்கலாம். ஆயினும் எதை முதலிற் பார்ப்பது, ஏன் பார்ப்பது, பார்த்ததிலிருந்து எதை விலக்குவது என்பவை விடையில் இருப்பதில்லை. வினா கேட்பது அவற்றைத்தான்.

தொண்டைமானாறு என்றவுடன் உங்களில் பலருக்கு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களே நினைவுக்கு வரும். இப்பாடத்தில் அவ்வூரின் வீதியையும் பாலத்தையும் சிறிது நேரம் எமது ஆய்வுகூடமாகக் கொள்வோம். அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் சமதரை. மலைநாட்டில் ஒரு கார் மெதுவாக ஏறினால் அது ஏற்றத்தினாலா, பழுதினாலா என்று பிரித்தறிவது கடினம். பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறை ஊடாகத் தொண்டைமானாற்றுக்கு வரும் வீதியில் அந்தக் குழப்பம் இல்லை.

காணாமற்போன 900 நியூற்றன்

ஒரு பழைய ஒஸ்ரின் ஏ 40 காரை எடுத்துக்கொள்வோம். 1940 களின் பிற்பகுதியிலும் 1950 களிலும் பிரித்தானியாவில் செய்யப்பட்ட இவ்வகைக் கார்கள் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. ஏறத்தாழ 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு உருளை எஞ்சின். ஏறக்குறைய 40 பரிவலு. கணிப்பு எளிதாக இருப்பதற்காகச் சாரதியுடன் காரின் திணிவு 1000 கிலோகிராம் என்று கொள்வோம்.

நல்ல நிலையில் இருந்தபோது இந்தக் கார் ஓய்விலிருந்து மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தை அடைய 10 செக்கன் எடுத்தது. இப்போது அதே வேகத்தை அடைய 25 செக்கன் எடுக்கிறது. மணிக்கு 54 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 15 மீற்றர் ஆகும். ஆர்முடுகல் சீரானது என்று எடுத்துக்கொண்டால்,

முன்னைய ஆர்முடுகல் = 15 ÷ 10 = 1.5 மீற்றர்/செக்கன்²
தற்போதைய ஆர்முடுகல் = 15 ÷ 25 = 0.6 மீற்றர்/செக்கன்²
முன்னைய விளையுள் விசை = 1000 × 1.5 = 1500 நியூற்றன்
தற்போதைய விளையுள் விசை = 1000 × 0.6 = 600 நியூற்றன்

உண்மையில் எந்தக் காரும் சீராக ஆர்முடுகுவதில்லை. முதலாம் கியரில் கூடுதலாகவும் மேற்கியர்களில் குறைவாகவும் ஆர்முடுகும். ஆகவே இவை சராசரிப் பெறுமானங்கள். ஆனாலும் எமது தேடலுக்கு இவை போதும். 900 நியூற்றன் விசை எங்கோ காணாமற் போயிருக்கிறது. அது எங்கே போனது என்பதே வினா.

"காரில் ஆட்கள் கூட இருந்தார்கள்" என்று ஒருவர் சொல்லலாம். ஆவணி மாதத்தில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்கு வரும் கார்களைப் பார்த்திருந்தால் இது வெறும் சாட்டு என்று தள்ளிவிடமாட்டீர்கள். சாரதியைத் தவிர ஏழு பேர், ஒவ்வொருவரும் 60 கிலோகிராம் என்று கொண்டால் திணிவு 1420 கிலோகிராம் ஆகிறது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்து அதே 1500 நியூற்றன் கிடைத்தால்,

ஆர்முடுகல் = 1500 ÷ 1420 = 1.06 மீற்றர்/செக்கன்² (ஏறத்தாழ)
எடுக்கும் நேரம் = 15 ÷ 1.06 = 14 செக்கன் (ஏறத்தாழ)

ஏழு பேர் ஏறியதனால் 10 செக்கன் 14 செக்கன் ஆகலாம். 25 ஆக முடியாது. ஆகவே சுமை மட்டும் காரணம் அன்று. ஒரு ஸ்பானரையும் எடுக்காமல், பொனற்றைத் திறக்காமல், ஒரு காரணத்தை அளந்து பார்த்து விலக்கிவிட்டோம். இதுவே நோயறியும் முறையின் முதற்படி.

மூன்று வினாக்கள்

காரை முன்னோக்கித் தள்ளும் விளையுள் விசை, சில்லுகளுக்குக் கிடைக்கும் இயக்க விசையிலிருந்து எதிர்ப்பு விசைகளைக் கழிக்க வருவது. எனவே காணாமற்போன விசையைத் தேட மூன்று இடங்களே உண்டு.

ஒன்று, எஞ்சின் போதிய வலுவைப் பிறப்பிக்கவில்லை.
இரண்டு, எஞ்சின் பிறப்பித்த வலு சில்லுக்குப் போய்ச் சேரவில்லை.
மூன்று, சில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஏதோ ஒன்று காரைப் பின்னால் இழுக்கிறது.

எமது ஊர்ச் சாரதிமார் "காருக்கு இழுவை இல்லை" என்று ஒரே வசனத்தில் மூன்றையும் சொல்லிவிடுவார்கள். நல்ல மெக்கானிக் உடனே பொனற்றைத் திறக்கமாட்டார். "அண்ணை, மிதிக்கேக்கை எஞ்சின் சத்தம் ஏறுதோ, ஏறேல்லையோ?" என்று கேட்பார். இந்த ஒரு கேள்வி இரண்டாவது இடத்தை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துவிடுகிறது.

எஞ்சின் சத்தம் ஏறி, காரின் வேகம் ஏறாவிட்டால், எஞ்சின் சுழல்கிறது. ஆனால் அச்சுழற்சி சில்லை எட்டவில்லை. அதாவது கிளச் வழுக்குகிறது. மேற்கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது அக்சிலரேற்றரை முழுதாக மிதித்தால் இது தெளிவாகத் தெரியும். சிலவேளை கருகிய மணமும் வரும். கிளச் தட்டு வலுவைக் கடத்துவது உராய்வினால் என்பதை நினைவுகூருங்கள். எல்லை உராய்வு விசை, தொடும் மேற்பரப்புகளின் தன்மையிலும் அவற்றுக்கிடையிலான செவ்வன் மறுதாக்கத்திலும் தங்கியுள்ளது. தட்டில் எண்ணெய் கசிந்தால் மேற்பரப்பின் தன்மை மாறுகிறது. வில் தளர்ந்தாலோ, மிதிபடியில் சிறிதளவு தளர்வு இல்லாமல் கிளச் எப்போதும் அரைகுறையாக மிதிபட்டிருந்தாலோ செவ்வன் மறுதாக்கம் குறைகிறது. இரண்டும் வழுக்கலில் முடியும். பரீட்சையில் "கிளச் பழுது" என்று எழுதுவதைவிட இந்தத் தொடர்பை எழுதுவது மேல்.

சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் முதலாவது இடமா, மூன்றாவது இடமா என்று பார்க்க வேண்டும். இதற்கும் பொனற்றைத் திறக்கத் தேவையில்லை. ஆளரவமற்ற சமதரை வீதியில் கார் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் செல்லும்போது கியரை நியூற்றலுக்கு மாற்றித் தானாக ஓடவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தக்கூடாது. இப்போது காரில் தாக்குவது எதிர்ப்பு விசை மட்டுமே. எஞ்சின் கணக்கில் இல்லை.

எதிர்ப்பு 200 நியூற்றன் என்று கொள்வோம். 1000 கிலோகிராம் காரின் அமர்முடுகல் 0.2 மீற்றர்/செக்கன்². கார் 50 செக்கனில், 250 மீற்றர் ஓடி நிற்கும். பிறேக் ஒன்று இறுகிப் பிடித்திருந்து எதிர்ப்பு 500 நியூற்றன் ஆகிவிட்டால் அமர்முடுகல் 0.5. அப்போது கார் 20 செக்கனில், 100 மீற்றரில் நின்றுவிடும். 250 மீற்றருக்கும் 100 மீற்றருக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். வீதியோரத் தந்திக் கம்பங்களை எண்ணினாலே போதும். (இச்சோதனையைச் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவரே செய்ய வேண்டும். உங்களுக்கு 18 வயதாகும்வரை பக்கத்தில் இருந்து கம்பங்களை எண்ணுங்கள்.)

தொண்டைமானாற்றில் மூன்றாவது காரணத்தைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. ஒருபுறம் கடல், மறுபுறம் பாலத்துக்கு உட்புறமாக உவர்நீரேரி. காற்றில் எப்போதும் உப்பு இருக்கிறது. உப்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதை இரசாயனப் பகுதியில் படித்திருப்பீர்கள். துருவேறிய கைப்பிறேக் கம்பி இழுத்தால் வரும். விட்டால் திரும்பிப் போகாது. பிறேக் உருளைக்குள் இருக்கும் முசலமும் இப்படி ஒட்டிக்கொள்ளும். சிறிது தூரம் ஓடியபின் ஒரு சில்லு மாத்திரம் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கேதான் பிறேக் பிடித்திருக்கிறது. சில்லைக் கையாற் தொட்டுப் பார்க்காமல் கையை அருகிற் கொண்டுசென்றே வெப்பத்தை உணரலாம். எஞ்சின் செய்த வேலை எங்கே வெப்பசக்தியாக மாறுகிறது என்பதற்கு அந்தச் சூடு நேரடிச் சான்று. ரயரில் காற்றமுக்கம் குறைந்தாலும் எதிர்ப்பு கூடும். அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இவை இரண்டும் இல்லையென்றால்தான் பொனற்றைத் திறக்க வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்க, பாடப்புத்தகத்தில் இல்லாத ஓர் உதாரணம் எம்மூரிலேயே இருக்கிறது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கிற்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் பெற்றோல் குடாநாட்டில் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த சிறிதளவும் பன்மடங்கு விலைக்கு விற்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்தது. மின்சாரமும் இல்லாததால், மாணவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் ஊற்றிப் படித்ததும் அதே மண்ணெண்ணெய்தான். அதையே கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஊற்றி ஓடினார்கள். காபுரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது வழக்கம். ஒரு கர்ப்பிணியையோ காயப்பட்டவரையோ மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்செல்ல வேண்டிய இரவில், கார் எத்தனை நிமிடத்தில் இயங்கும், எவ்வளவு விரைவாக வேகமெடுக்கும் என்பது ஒரு குடும்பத்தின் கவலையாக இருந்தது. உங்கள் பெற்றோரிடமோ பேரன் பேத்தியிடமோ கேட்டுப் பாருங்கள். அந்தக் கார்களின் புகையும் மணமும் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். இழுவை இல்லாததும் நினைவிருக்கும்.

ஏன் இழுவை இல்லை? "மண்ணெண்ணெயில் சத்து இல்லை" என்பது பொதுவான பதில். அது பிழை. ஒரு கிலோகிராம் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 44 மெகாயூல் வெப்பம் வெளிவருகிறது. ஒரு கிலோகிராம் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 43 மெகாயூல். வித்தியாசம் மிகச் சிறிது. மண்ணெண்ணெயின் அடர்த்தி சற்றுக் கூடுதலாகையால் ஒரு லீற்றருக்குக் கணித்தால் அதில்தான் சக்தி கூட. இருக்கும் சக்தியை உரிய நேரத்தில் வெளியே எடுக்க அந்த எஞ்சினால் முடியவில்லை என்பதே விடயம்.

நாலடிப்பு எஞ்சினின் உறிஞ்சல் அடிப்பில் காற்றும் எரிபொருள் ஆவியும் உருளைக்குள் வருகின்றன. நெருக்கல் அடிப்பில் அவை நெருக்கப்படுகின்றன. அவ்வடிப்பு முடியும் தறுவாயில் பிளக்கில் தீப்பொறி தோன்றுகிறது. வலு அடிப்பில் விரியும் வாயு முசலத்தைக் கீழே தள்ளுகிறது. வெளியேற்றல் அடிப்பில் புகை வெளியேறுகிறது. இதில் "ஆவி" என்ற சொல்லைக் கவனியுங்கள். திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும் ஐதரோகாபன்களின் கலவை. மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவது ஏறத்தாழ 150 பாகை செல்சியசில். எனவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளிகளாகவே உருளைக்குள் போகிறது. துளியின் மேற்பரப்பு மட்டும் எரிய, உட்பகுதி அரைகுறையாகக் கருகிக் காபன் கரியாகிறது. வெள்ளைப் புகையும் கறுத்த பிளக்கும் இதன் விளைவு. பிளக்கின் நுனியில் கரி படிந்தால் மின்னோட்டம் இடைவெளியைத் தாண்டாமல் கரியினூடாகக் கசிகிறது, தீப்பொறி நலிகிறது. இப்படி ஒரு குறை இன்னொரு குறையைப் பெறுகிறது. அக்சிலரேற்றரைத் திடீரென மிதிக்கும்போது எரிபொருளும் திடீரெனக் கூடுதலாக வருவதால், ஆர்முடுகும் வேளையிலேயே இக்குறை பெரிதாகத் தெரிந்தது.

எஞ்சின் சூடானபின் வேறொரு தொல்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலினதைவிட மிகக் குறைவு. ஒக்டேன் எண் என்பது நெருக்கப்படும்போது தானாகத் தீப்பற்றாமல் தாக்குப்பிடிக்கும் தன்மையின் அளவு. இன்று எமது நிரப்பு நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருப்பது இந்த எண்ணே. அது குறைந்த எரிபொருளில், தீப்பொறியின் சுவாலை பரவுமுன் மீதிக் கலவை தானாக வெடித்து உருளைக்குள் சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஒலி எழும். இதைத் தட்டல் என்போம். தட்டல் தொடர்ந்தால் முசலம் சேதமடையும். அதைத் தவிர்க்க மெக்கானிக்மார் ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அதாவது தீப்பொறி வழமையைவிடச் சற்றுத் தாமதித்து வரும்படி செய்தார்கள். தட்டல் அடங்கியது. ஆனால் முசலம் கீழிறங்கத் தொடங்கியபின் எரிதல் நடந்தால், வாயுவின் அமுக்கம் முசலத்தைத் தள்ள உதவுவதற்குமுன் இடம் விரிந்துவிடுகிறது. வெப்பம் வேலையாக மாறாமல் புகைக் குழாயால் வெளியே போகிறது. எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக இழுவையை விலையாகக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். வேறு வழி இருக்கவில்லை.

இது யாழ்ப்பாணத்தார் மட்டும் கண்ட பிரச்சினை அன்று. 1940 களிலும் 1950 களிலும் பிரித்தானியாவில் பேர்கசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளில் ஓடும்படி செய்யப்பட்டது. அதிலும் பெற்றோலில் இயக்கி, சூடானபின் மற்ற எரிபொருளுக்கு மாற்றும் ஒழுங்கு இருந்தது. ஆனால் அவ்வெஞ்சினின் நெருக்கல் விகிதம் தொழிற்சாலையிலேயே குறைக்கப்பட்டிருந்தது. உழவு இயந்திரம் ஒரே வேகத்தில் சூடாக நீண்ட நேரம் உழுவது. அதற்கு இது பொருந்தியது. நின்று நின்று ஓடும் வாடகைக் காருக்கு இந்த எரிபொருள் பொருந்தாது.

மூன்றாவது விளைவு மெதுவாக வந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் எண்ணெயோடு கலந்தது. எண்ணெயின் பாகுத்தன்மை குறைந்து உராய்வு கூடியது. முசல வளையங்களும் உருளைச் சுவரும் தேய்ந்தன. தேய்ந்த வளையத்தினூடாக வாயு கசிய, நெருக்கல் குறைந்தது. பின்னர் பெற்றோல் கிடைத்தபோதும் சில கார்கள் பழைய இழுவைக்குத் திரும்பாததற்கு இதுவே காரணம். எரிபொருள் மாறியது, தேய்வு மாறவில்லை.

இன்று யாரும் இதைச் செய்து பார்க்கத் தேவையில்லை. செய்யவும் கூடாது. பெற்றோல் ஆவி பூச்சிய பாகைக்கு மிகக் கீழேயும் தீப்பற்றக்கூடியது. சூடான எஞ்சினுக்கு மேல் போத்தலால் பெற்றோல் ஊற்றுவது உயிருக்கு ஆபத்து. அக்காலத்தவர் வேறு வழியின்றிச் செய்தார்கள்.

பொனற்றைத் திறந்தபின்

மேலே சொன்ன உதாரணத்தில், எஞ்சின் வலுவுக்கு எவை வேண்டும் என்பது தானாகவே வெளிவந்துவிட்டது: போதிய காற்று, சரியான அளவில் ஆவியான எரிபொருள், உரிய நேரத்தில் தீப்பொறி, கசியாத நெருக்கல். இந்நான்கில் எது குறைந்தாலும் இழுவை குறையும். பார்ப்பதற்கு எளிதானதை முதலிலும், கழற்ற வேண்டியதைப் பின்னரும் பார்ப்பது கராஜ் வழக்கம், நல்ல வழக்கம்.

காற்று வடிகட்டியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். வடமராட்சியின் மணல் வீதிகளில் கோடையில் ஓடிய காரின் வடிகட்டி ஒளியை விடாது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 பங்கு திணிவுள்ள காற்று தேவை. காற்றுக் குறைந்தால் கலவை செறிந்து காபனோரொட்சைட்டும் கரியும் உண்டாகும், புகை கறுக்கும்.

எரிபொருட் குறைவுக்கு ஓர் அடையாளம் உண்டு. மெதுவாகச் செல்லும்போது கார் ஒழுங்காகச் செல்லும். முழுதாக மிதித்தால் திக்கித் திக்கி நிற்கப் பார்க்கும். குறைந்த தேவைக்கு அடைபட்ட வடிகட்டியூடாக வருவது போதும். கூடிய தேவைக்குப் போதாது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கலன்களில் நெடுநாள் சேமித்த பெற்றோலை ஊற்றிய பலரும், காரை மாதக்கணக்கில் ஓடாது நிறுத்தி வைத்திருந்த பலரும் இத்தகைய தொல்லையைக் கண்டார்கள். நெடுநாள் வைத்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். பிசின்போன்ற படிவு காபுரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். தாங்கியில் ஒடுங்கிய நீர் அடியில் தங்கும்.

பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியே ஒரு சாட்சியாகப் பேசும். இளங்கபிலம் என்றால் எரிதல் நலம். உலர்ந்த கரி என்றால் கலவை செறிவு அல்லது தீப்பொறி நலிவு. எண்ணெய்ப் பசை என்றால் வளையமோ வால்வோ தேய்ந்து எஞ்சின் எண்ணெய் உள்ளே வருகிறது. வெளிறிய வெண்மை என்றால் கலவை ஐதாகி மிகை வெப்பம் உண்டாகிறது. பழைய கார்களில் எரிபற்றலுக்கான தொடுபுள்ளிகளின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். தேய்ந்து இவ்விடைவெளி மாறினால் தீப்பொறியின் வலிமையோடு ரைமிங்கும் மாறும்.

கடைசியாக நெருக்கல். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வோர் உருளைக்கும் அமுக்கமானியைப் பொருத்தி, ஸ்ராற்றரால் எஞ்சினைச் சுழற்றி அளக்க வேண்டும். ஓர் உருளையில் மட்டும் அமுக்கம் குறைவாக இருந்தால் வாயு எங்கோ கசிகிறது. எங்கே? இங்கு ஒரு எளிய உபாயம் உண்டு. அவ்வுருளைக்குள் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறார்கள். எண்ணெய் முசலத்தின்மேல் பரவி வளையத்தின் இடைவெளியைச் சிறிது நேரம் அடைக்கும். மேலே உள்ள வால்வை அது அடைக்காது. ஆகவே அமுக்கம் ஏறினால் பழுது வளையத்தில். ஏறாவிட்டால் வால்விலோ தலைக் கஸ்கற்றிலோ. எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே எந்தப் பகுதி தேய்ந்தது என்று சொல்லிவிடும் இச்சோதனையை, இப்பாடத்தில் உள்ளவற்றுள் மிக அழகானது என்று நான் கருதுகிறேன். வினாவிலும் இது வரத்தக்கது.

இன்றைய கார்களில் காபுரேற்றரும் தொடுபுள்ளியும் இல்லை. எரிபொருளைத் தெளிக்கும் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் ஒரு கணினி தீர்மானிக்கிறது. உள்ளே வரும் காற்றை அளக்கும் உணரியோ, புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் உணரியோ பிழையான தகவலைக் கொடுத்தால் கணினியும் பிழையான அளவைக் கொடுக்கும். முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும். புகைக் குழாயிலுள்ள ஊக்கி மாற்றி கரியினால் அடைபட்டால் புகை வெளியேற முடியாது. வெளியேற்றல் அடிப்பு தடைப்பட்டால் அடுத்த உறிஞ்சல் அடிப்பில் புதிய காற்றுக்கு இடம் போதாது. இக்காரணத்தால் இழுவை குறைந்த கார்களில், பிளக்கை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. சிறிய எஞ்சினுள்ள கார்களில் குளிரூட்டியை நிறுத்திப் பார்ப்பதும் ஒரு சோதனையே. அதன் அமுக்கியைச் சுழற்றும் வலுவும் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. மூன்று வினாக்கள் மட்டும் இக்கார்களுக்கும் அவையே.

பயிற்சி வினாக்கள்

1. சாரதியுடன் 900 கிலோகிராம் திணிவுள்ள கார் ஓய்விலிருந்து செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தை அடைய முன்னர் 8 செக்கன் எடுத்தது. இப்போது 20 செக்கன் எடுக்கிறது.
(அ) இரு சந்தர்ப்பங்களிலும் சராசரி ஆர்முடுகலையும் விளையுள் விசையையும் காண்க.
(ஆ) தலா 60 கிலோகிராம் திணிவுள்ள நால்வர் மேலதிகமாக ஏறியிருந்தனர் என்பதே காரணம் என்று சாரதி கூறுகிறார். விளையுள் விசை மாறவில்லை எனக் கொண்டு இக்கூற்றைச் சோதிக்க.

2. மேற்கியரில் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது எஞ்சினின் ஒலி ஏறுகிறது. காரின் வேகம் மாறவில்லை. கருகிய மணம் வருகிறது. பழுது எங்கே உள்ளது? உராய்வு பற்றிய உமது அறிவைப் பயன்படுத்தி அதற்கான இரு காரணங்களை விளக்குக.

3. நான்கு உருளைகளின் நெருக்கல் அமுக்கங்கள் முறையே 850, 840, 520, 850 கிலோபாஸ்கல். மூன்றாம் உருளைக்குள் எண்ணெய் விட்டு அளந்தபோது 790 கிலோபாஸ்கல் காணப்பட்டது. தேய்ந்துள்ள பகுதி எது? எவ்வாறு அறிந்தீர்?

4. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரு கிலோகிராமுக்குரிய வெப்பசக்தி ஏறத்தாழச் சமமாயினும், பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றும்போது ஆர்முடுகல் குறைவது ஏன்? மூன்று காரணங்கள் தருக.

விடைக் குறிப்பு: 1. (அ) 1.5, 0.6 மீற்றர்/செக்கன்², 1350, 540 நியூற்றன். (ஆ) 1350 ÷ 1140 = 1.18 மீற்றர்/செக்கன்², நேரம் ஏறத்தாழ 10 செக்கன், ஆகவே சுமை மட்டும் காரணம் அன்று. 2. கிளச், மேற்பரப்பின் தன்மையையும் செவ்வன் மறுதாக்கத்தையும் தொடர்புபடுத்துக. 3. முசல வளையம், எண்ணெய் விட்டபின் அமுக்கம் ஏறியுள்ளது. 4. ஆவியாதல், தட்டலைத் தவிர்க்கத் தாமதிக்கப்பட்ட தீப்பொறி, கரி படிந்த பிளக். எண்ணெய் ஐதாகித் தேய்வு ஏற்படுவதையும் எழுதலாம். ஆனால் அது நாளடைவில் வரும் விளைவு என்பதைக் குறிப்பிடுக.